அழுகிய பழ வாடைத் தேரை

அந்தக் கல்லூரி விலங்கியல் துறையில் அவளை எல்லோரும் மூக்கு என்றே கூப்பிட்டார்கள். நாலு அறை தள்ளி எது கருகினாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். வேலையோ விலங்கு மாதிரிகளை வைக்கும் அறையில்: ஜாடி கழுவி, ஸ்பிரிட் மாற்றி, செத்த பிராணிகளின் காலில் லேபிள் கட்டுவது. பதினேழு வருடமாக அதைச் செய்கிறாள், பதினேழு வருடமாக அவளுக்குக் குமட்டுகிறது. பாம்பு பரவாயில்லை, எலிகூடப் பரவாயில்லை. தேரைதான் ஆகவே ஆகாது. அந்தச் சொறிமுதுகும், விரலில் ஒட்டும் வெள்ளைப் பாலும், தூக்கிய உடனே கையில் மூத்திரம் பெய்கிற புத்தியும், சே! மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வீட்டில் மகள், "அம்மா, என் தட்டத் தொடாத, நானே போட்டுக்கறேன்" என்பாள்.

நூலகத்துக்கு மாற்றல் கேட்டு நாலு வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியர். தேரையைத் தடவிக் கொடுத்த கையாலேயே பிஸ்கட் தின்கிற மனிதர் அவர். முப்பது வருட ஃபார்மலின் அவருடைய மோப்பத்தை அடியோடு தின்றுவிட்டிருந்தது.

ஒரு நாள் மலையிலிருந்து ஈரத் துணிப்பையில் பதினொரு தேரைகள் உயிரோடு வந்தன. அவர் எட்டிப் பார்த்தார்.

"நம்மகிட்ட இருக்கற பழைய இனம்தான். ஜாடியில போட்டுடு."

அவள் பைக்குள் கைவிட்டாள். வந்தது வழக்கமான நாற்றம் இல்லை.

"சார், இது அது இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"அது கருகின ரப்பர் மாதிரி நாறும். இது அழுகின வாழைப்பழம் மாதிரி இனிப்பா நாறுது. தூ!"

அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தார். சிரிப்பு நின்றுபோனது. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பால் சுரக்கிற மேடு இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. பின்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வே இல்லை.

அப்புறம் எட்டு மாதம் அளந்தார், எண்ணினார், பழைய ஜாடிகளோடு ஒப்பிட்டார். உயிரோடு வந்த ஒவ்வொன்றையும் அவள் பிடித்து முகர வேண்டும். "இன்னொரு தடவ மோந்து பாரு, கட்டுரை வந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகர்ந்தாள்.

கட்டுரை வந்தது. புதிய இனத்துக்குத் தம் மாமனார் பெயரைச் சூட்டியிருந்தார். அழுகிய பழ வாடை என்று ஒரு வரி இருந்தது, முகர்ந்தவளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அந்தக் கண்ணராவியில் தன் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டு, மனுவை நீட்டினாள்.

"உன்ன அனுப்பிட்டா மூக்குக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று மனுவை இழுப்பறைக்குள் தள்ளினார். "வியாழக்கிழமை அடுத்த பை வருது."

அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தேரையாவது வாக்குக் கொடுத்து ஏமாற்றியதில்லை.

வியாழக்கிழமை ஆறு தேரைகள் வந்தன. பார்வைக்கு அச்சு அசல் பழைய தேரை. பேராசிரியர் ஒன்றை அவள் மூக்கருகே பிடித்தார். ரப்பரும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. நனைந்த தீப்பெட்டியின் நெடி. இதுவும் யாரும் எழுதாத இனம்தான் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"என்ன நாறுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"நல்லா மோந்து பாரு."

"நிஜமாத்தான் சார். ஒரு மாசமாவே இப்படித்தான் இருக்கு. ஃபார்மலினாலன்னு நினைக்கறேன்."

அவர் தேரையைக் கீழே வைத்தார். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். இழுப்பறையைத் திறந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். "இதெல்லாம் பழசுதான். போட்டுடு."

ஆறையும் ஸ்பிரிட்டில் போட்டு, ஆறு கால்களிலும் பழைய பெயரையே அவள் கட்டினாள்.

இப்போது நூலகத்தில் பசையும் தூசியும்தான் வாடை. மகள் அவள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாள். யாராவது நமுத்த தீப்பெட்டியில் குச்சி உரசினால் மட்டும் அவள் எழுந்து போய், மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருகிறாள்.