டாக்பேக்கில் வந்த குரல்

ஜவ்வாது மலையில் ஆல்பம் ரெக்கார்டிங் என்றதும் நான் முதலில் கேட்டது கரண்டைப் பற்றி. அடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் பியானோவுக்குச் சுருதி நிற்குமா என்று. இரண்டுக்கும் பாடகி காவேரி ஒரே பதில்தான் சொன்னாள்.

"பாத்துக்கலாம்ணே."

அவள் அதே மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டுப் பெண். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது அங்கிருந்த பழைய பியானோவில் கை பழகியவள். அப்பா முடித்துவைத்த கல்யாணத்திலிருந்து வெளியேறிச் சென்னைக்குப் போனவள், அதன்பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. பாட்டெல்லாம் அவளே எழுதி மெட்டமைத்தவை. பியானோ முன்னால் போகும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் பின்னாலிருந்து சட்டென்று எழும்பும். ராக் இசைதான், ஆனால் தனக்குள்ளேயே பேசிக்கொள்வது.

"இதைச் சென்னையிலயே எடுத்திருக்கலாமேம்மா?" என்றேன்.

"அங்க பாடுனா யார் கதையோ மாதிரி இருக்குதுண்ணே. இங்க பொய்யா பாட முடியாது."

ஜமுனாமரத்தூரை ஒட்டி ஒரு வாடகை வீடு. கூடத்தில் பியானோ, பக்கத்து அறையில் நானும் என் ஒலிப்பதிவுக் கருவிகளும். டாக்பேக் பட்டனை அழுத்திப் பேசினால் அவள் ஹெட்ஃபோனில் கேட்கும். அந்தப் பேச்சையும் தனி டிராக்கில் பதிவு செய்வது என் வழக்கம்.

ஒரு பாட்டு மட்டும் முடியவே இல்லை. "என்னை நீ கேட்கவே இல்லை அப்பா" என்ற வரி வந்ததும் ஒவ்வொரு டேக்கிலும் அவள் கை நின்றுவிடும்.

ஒரு நாள் மதியம் அவள் அப்பா ஷேர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை சீத்தாப்பழம்.

"எம் பொண்ணு இங்க பாடுதுன்னு சொன்னாங்க. ஓரமா நின்னு பாத்துட்டுப் போய்டறேங்க."

காவேரியிடம் போய்ச் சொன்னேன். பியானோ கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரூம்ல உக்கார வெய்ங்கண்ணே. அந்தப் பாட்டையே எடுக்கலாம்."

"அவரு முன்னாலயா?"

"அவரு முன்னால பாட முடியலன்னா அப்புறம் இன்னா பாட்டு அது?"

அவருக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். அந்த வரி வந்தது. பாடினாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. பெரியவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார்.

"இதுல பேசுனா அதுக்குக் கேக்குங்களா?"

பட்டனை அழுத்தினேன்.

"ஆமாம்மா. நான் கேக்கல. இப்ப கேக்கறேன். நல்லா இருக்கியா?"

 பியானோ மைக்கில் அவள் குரல் வந்தது.

"இல்லப்பா. ஆனா ஆய்டுவேன். உக்காரு, இதை முடிச்சிட்டு வர்றேன்."

அடுத்த டேக்கில் பாட்டு முழுசாக வந்தது. ஆல்பத்தில் இருப்பது அதுதான். வரியை அவள் மாற்றவில்லை. ரெக்கார்டிங் முடிந்ததும் சென்னை வேனில் ஏறாமல் அப்பாவோடு நெல்லிவாசல்நாட்டு ஜீப்பில் ஏறினாள்.

மிக்ஸிங்கில் புரொடியூசர் அந்தப் பேச்சைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். "சார், பாட்டுக்கு முன்னாடி இதைப் போடுங்க. பிச்சிக்கும்!"

காவேரிக்கு போன் போட்டேன்.

"வேணாம்ணே. பாட்டு எல்லாருக்கும். அவரு பேசுனது எனக்கு."

அந்த டிராக்கை அவளுக்கு மட்டும் அனுப்பிவிட்டு என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு மைக் வைக்க யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். மைக்கில் விழுந்ததில் எது நம்முடையதில்லை என்பதைக் காவேரியிடம்தான் நான் கற்றேன்.