அக்காவின் காரில் மூன்று நட்டுகள்

குர்லாவில் ஒரு டூல்ஸ் கடை. அப்பா, சக்கர நட்டுகளைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கடை நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கார் சக்கரத்தின் உயரத்துக்கு அதை நீட்டிப் பிடிக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் பிடி" என்பார். என் மணிக்கட்டு தாழ்ந்தால் அந்த ரெஞ்ச் வேண்டாம். கடைக்கார பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. "அண்ணாச்சி, காத்துல ஓடுறது கேரேஜுக்குத்தான் சரி. கம்ப்ரஸரைத் தூக்கிட்டு ரோட்டுக்கா போவீங்க? பேட்டரில ஓடுறதை எடுத்துக்கோங்க. நட்டு மேல மாட்டுற சாக்கெட் இந்தக் கறுப்பு, தடிமனானதுதான் போடணும். பளபளன்னு இருக்கறது இந்த அடி தாங்காது, வெடிச்சிரும்" என்றார். பிறகு, "இது கழட்டத்தான். மாட்டும்போது இதால அமுக்கிராதீங்க. அடுத்த தடவை கையால யாராலயும் கழட்ட முடியாது" என்றார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. பாய்க்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு முப்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு செம்பூரில் குடியேறினோம். தான் முறுக்கிய நட்டு தானாகக் கழலாது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அக்கா பன்வேல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காரில் தனியாகப் போய்வருவாள். பாதி வழியில் சக்கரம் கழன்றுவிடக் கூடாதே என்று, டயர் மாற்றும்போதெல்லாம் அப்பா வீல் பானா என்கிற ஸ்பேனரின் மேல் ஏறி நின்று, முழு எடையையும் கொடுத்து முறுக்குவார். அக்கா பால்கனியிலிருந்து சிரிப்பாள்: "அப்பா, போதும். சக்கரத்துக்கு மூச்சு முட்டப்போகுது."

ஒரு ஜூலை மாதப் பகல். பலத்த மழை. அப்பாவின் போன் அடித்தது. நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது மட்டும் கேட்டது. "பஞ்சரா? ஓரமா நிறுத்திட்டியா?... ஒண்ணுதான் கழண்டுச்சா? மத்த மூணும் வரலையா?... பானா மேல ஏறி நின்னு மிதிம்மா. வரும்." அதற்குப் பிறகு அவர் "ஹலோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் போனைப் பிடுங்கும்வரை சொன்னார். ஈரச்சாலையில் வழுக்கி வந்த ஒரு டெம்போ அக்காவை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

போலீஸ் நடைமுறையெல்லாம் முடிந்து காரைக் கிரேனில் இழுத்துவந்து, எங்கள் கட்டடத்துக்குக் கீழே விட்டார்கள். காற்றிறங்கிய சக்கரத்தில் மூன்று நட்டுகள் அப்படியே இருந்தன. ஏறக்குறைய ஒரு வருடம் அப்பா யாரையும் அதைத் தொட விடவில்லை. கார் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். ஒருநாள் காலையில் திடீரென்று, "குர்லா போவோம், வா" என்றார்.

கடைசியில் எடுத்தது நடுத்தர அளவு. என் கை தாங்கியது. அன்று மாலையே கீழே இறங்கினோம். திருப்பும் திசையை அவரே சரிபார்த்து, சாக்கெட்டை மாட்டி, என்னிடம் நீட்டினார். "நீ செய். அவ கை மாதிரிதான் உன் கையும்."

விசையை அழுத்தினேன். சட சடவென்று ஒரு அதிர்வு. நட்டு துரு உதிர்த்துக்கொண்டு சுழன்று வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதும்.

"மூணு செகண்ட் கூட ஆகலையே" என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் ஏறி நின்னு முறுக்கினேன். அவளையும் ஏறி நிக்கச் சொன்னேன்" என்றார்.

ஒரு வருடமாக நானும் அதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. ரெஞ்சை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அவர் இருட்டும்வரை கீழேயே உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் கட்டடத்தில் கார் ஓட்டும் பெண்களிடமெல்லாம் போய் நின்றார். நட்டுகளைத் தளர்த்தி, போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஒரு கைப்பானாவால் திரும்ப முறுக்கி, "நீங்க ஒருதடவை கழட்டிப் பாருங்கம்மா" என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கிடந்தபோதுதான் சொன்னேன். "டெம்போக்காரன்தான்பா காரணம். நீங்க இல்ல."

கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "நட்டு கழண்டிருந்தா, அந்த நேரத்துக்கு அவ அங்க நின்னிருக்க மாட்டாளே" என்றார்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நட்டு கழற்றிய அந்த மாலை, பார்க்கிங்கில் அவர் பக்கத்தில் பேசாமலாவது உட்கார்ந்திருக்கலாம்.