கண்ணில் புரை, காலில் பிரேக்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வாரத்தில் நான்கு நாள் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய், வெளிநாட்டு ஆடிட்டர்கள் கேட்கும் காகிதங்களை அடுக்கிக் கொடுக்கிறேன். தெருமுனையிலேயே பஸ் உண்டு. ஆனாலும் ஆறு வருடமாகக் காரில்தான் போனேன். ஏன் என்று கேட்டால் வெயில், மழை, நேரம் என்று சொல்வேன். உண்மையில் எட்டரை ஆனால் கை தானாகச் சாவியை எடுத்துவிடும். காரணமெல்லாம் பிறகு தேடிக்கொள்வது.

போன மாதம் கண் டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் முடியும்வரை வண்டி ஓட்டாதீர்கள் என்றார். லைசென்ஸும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் டாக்டர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் சான்றோடு வந்த விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே வயதானவன் நான்.

"கொஞ்ச நாளு பஸ்ஸுல போனா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள் மனைவி.

போனேன். குறுக்கே பைக் வந்தபோதெல்லாம் என் வலது கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்த டெய்லர் பெண் தன் டிபன் பையை நகர்த்திக்கொண்டு, "ஏனுங்க, பிரேக்கு டிரைவர்கிட்ட இருக்குதுங்க" என்றாள்.

சாயந்திரம் கம்பெனி வாசலில் கார் இல்லை. திருட்டுப் புகார் எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவு எண், சேஸிஸ் எண், கடைசியாகப் பார்த்த நேரம். அங்கே பேனா நின்றது.

"காலைல பஸ்ஸுலதானுங்க வந்து எறங்குனீங்க," என்றார் வாட்ச்மேன். "காரு ஊட்டுல பத்திரமா இருக்குமுங்க. போலீஸுக்குச் சொல்லோணுங்களா?"

அந்த அவமானத்தோடு மறுநாளே அனுப்பர்பாளையத்தில், ஆளைப் பார்க்காமலே சான்று கொடுக்கும் ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான இருக்குதுங்க?" என்றார், தலை நிமிராமல். கையெழுத்துப் போட்டிருந்த படிவத்தைத் தள்ளினார். "பேர மட்டும் எழுதிக்குங்க."

எந்த இடத்தில் என்று கேட்டேன். விரலால் காட்டினார். விரல் தெரிந்தது. கோடு தெரியவில்லை.

படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். முதல் கண் அடுத்த வாரம், இரண்டாவது ஒரு மாதம் கழித்து என்றார்கள். அவ்வளவு நாளா என்று இரண்டு தடவை கேட்டேன். பிறகு ஸ்டாப்பில் போய் நின்று, பஸ் வருவதற்குள் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.