குழாயடியில் சிக்கிய கனடா

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணி. இலங்கைக் கடலோரத்து உடப்பில் எங்கள் வீட்டு முற்றத்துக் குழாய், போக வேண்டிய வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளாலும் தண்ணீரைப் பீச்சத் தொடங்கியது அப்போதுதான். ஒரு தாரை அப்பாவின் சாரத்தில் விழுந்தது. ஒரு தாரை வேலிக்கு மேலால் போய்ப் பக்கத்து வீட்டுக் கருவாட்டில் விழுந்தது. இன்னொன்று, நான்கு வருடங்களின் பின் வீடு வந்திருந்த மகளின் முகத்தில் விழுந்தது. குழாயில் பூட்டியிருந்த ஹோஸின் மறுமுனையில் அம்மா, தண்ணீர் தெளிக்கும் ஒரு பச்சை நிறத் துவக்கை இரண்டு கைகளாலும் ஏந்திக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாயிலிருந்து வந்தவை சில சொட்டுகள் மட்டுமே.

அந்த ஹோஸைக் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து கொண்டுவந்தவள் நான். நான் அங்கே இலக்கியம் படிக்கிறேன். ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன். பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்குச் சொக்லட் என்றோ கைப்பேசி என்றோ பதில் வரும். அம்மாவோ, வீட்டுக்காரப் பெண்மணியின் பூஞ்செடிகளுக்கு நான் தண்ணீர் அடித்ததை வீடியோ அழைப்பில் பார்த்து, அதையே நினைவில் வைத்திருந்தார். "தண்ணி மழை மாதிரி விழுந்ததே, அது," என்றார். ஆகவே மழையை மடித்துச் சூட்கேசில் வைத்தேன். ஹோஸின் தலையில், குழாயோடு திருகிப் பூட்டுவதற்கு ஒரு பித்தளை வளையம் இருந்தது. கனேடிய வளையத்தின் திருகு மரை ஓர் அளவு, இலங்கைக் குழாயின் மரை வேறோர் அளவு என்பது அன்று வரை எனக்குத் தெரியாது. குழாயின் மூக்கைக் கழற்றிவிட்டுப் பூட்டியபோது, முதல் இரண்டு சுற்றுகளுக்கு அவை மிகுந்த நாகரிகத்தோடு பழகிக்கொண்டன. பிறகு வளையம் சாய்ந்து நின்றது. இறுகாத எதையும் இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்குவது எங்கள் குடும்பத்தின் வழிமுறை. அப்பா மரையில் வெள்ளை டேப்பை ஒரு காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றி, படகு எஞ்சினுக்கு வைத்திருந்த ஸ்பானரைப் போட்டு ஏறி மிதித்தார். வளையம் சாய்ந்தபடியே குழாயைக் கடித்துக்கொண்டது. அதன் பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

இது எங்கள் வீட்டு விவகாரமாக மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் குடித்திருக்கலாம். அந்தக் குழாய் நிற்பது எங்கள் முற்றத்தில். தண்ணீர் பிடிப்பது எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீடுகளும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்ப்பு. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விசையோடு வரும். மற்ற நேரங்களில் நூல் போல ஒழுகும்; அன்று பின்னேரம் வந்த விசை வழி தவறி வந்தது. மறுநாள் தண்ணீர் வரும் நாள். கோயிலில் தீமிதிப்பும் மறுநாள்தான். ஒழுங்கை முனையில் போடும் தண்ணீர்ப்பந்தலுக்கு வருடந்தோறும் எங்கள் குழாயிலிருந்தே பீப்பாய்கள் நிரம்பும். அம்மாவுக்கு ஊரில் வேறு பட்டம் எதுவும் கிடையாது. 'தண்ணி குடுக்கிற வீடு' என்பது ஒன்றுதான். நான் விமானம் ஏறிய நாளிலிருந்து அந்தப் பட்டம் ஆட்டம் கண்டிருந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகள் முதலில் மதில் கட்டும், அடுத்ததாகக் கேற்றுக்குப் பூட்டுப் போடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் கண்ட ஒழுங்கு. அம்மா நான்கு வருடங்களாக மதில் கட்டாமல் இருந்தே அந்தக் கதையைப் பொய்யாக்கி வந்தார். இப்போது பூட்டு, கேற்றைத் தாண்டி நேரே குழாயிலேயே வந்து தொங்கியது. அதைப் பூட்டியவளோ அவருடைய மகள்.

கருவாட்டுக்குச் சொந்தக்காரியான பூமணி மாமி, நனைந்த ஒரு கருவாட்டைச் சாட்சியாகப் பிடித்தபடி வந்தார்.

"என்னக்கா, காய வச்சதுக்கு அபிஷேகம் நடக்குது?"

"பிள்ளை கொண்டந்த ஹோஸ், பூமணி. கொஞ்சம் இறுகிட்டுது."

"அது சரி. துவக்கு வச்சிருக்கிற வீட்டுக்கு இனிக் குடத்தோட வர எங்களுக்கும் பயம்தானே."

கொஞ்ச நேரத்தில் என் மாமா மகன் ரவி வந்தான். படகு எஞ்சின் திருத்துபவன்; தன் திறமையைப் பற்றித் தானே பேசி, பிறருக்குச் சிரமம் வைக்காதவன். வளையத்தில் ஸ்பானரைப் போட்டு ஒரு திருகு திருகினான். வளையம் அசையவில்லை, நிலத்துக்குள் போகும் துருப்பிடித்த இரும்புக் குழாய்தான் முனகியது. வாய் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த முனகல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

"மச்சான், ஒரு கையால குழாய் டெப்பைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால திருகுங்க. இல்லாட்டி கீழ பைப் உடைஞ்சிரும்."

"மச்சாள் படிக்கப் போனது இலக்கியமா, பைப் வேலையா?"

"குளிர் காலத்தில ரெண்டும் ஒண்டுதான்."

வின்னிபெக்கில் வீட்டுக்கு வெளியே இருக்கும் குழாய் யாருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை. அது ஹோஸுக்காகப் பிறந்து, ஹோஸுக்காகவே வாழ்கிறது. அங்கே போன முதல் கோடையில் அதிலிருந்து ஒரு வாளி பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்து வீட்டு மனிதர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் அறையில் தண்ணீரை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, பழக்கம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாள் என் வாசலில் ஒரு பெட்டி நிறையப் போத்தல் தண்ணீர் இருந்தது. அதை அயலார் அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டு நான் பதிலுக்கு உளுந்து வடை கொடுத்தேன். தன் ஏழை அயலவள் தன் கடைசி உணவையும் தருகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு பெட்டிகள் வந்தன.

அந்த ஊரில், உறைபனி தொடங்குமுன் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து, சுவருக்குள் குழாய் வெடித்து, நிலவறையில் படுத்திருக்கும் இலக்கிய மாணவியின் கட்டிலில் வந்து இறங்கும். போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஹோஸ் கழற வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்தான தேங்காயெண்ணெயை மரையில் தடவினேன். தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் அது. அந்தக் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்து, இறுகியிருந்ததை இன்னும் அழகாக மூடிக்கொண்டது. வீட்டுக்காரப் பெண்மணி எலினோர் பார்த்துவிட்டு, பனிக்காலத்துக்காகக் குழாய்க்கு மெழுகு பூசியிருக்கிறாயே, நல்ல யோசனை என்று பாராட்டினார். பிறகு ஒரு ஸ்பானரால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வளையத்தைத் திருகிப் பார்த்தார். சரிவரவில்லை. உடனே இரும்பறுக்கும் வாளை எடுத்து, பாண் வெட்டுவதுபோல வளையத்தை வெட்டி, ஹோஸோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். வேறு வழியே இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன். நல்ல ஹோஸ் போகிறதே என்ற கவலையில் கேட்டது. அவர் என் தோளைத் தடவி, தனிமையாக இருந்தால் பல்கலைக்கழகத்தில் பேச ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

ஆகவே உடப்பில் அன்று என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "ரவி மச்சான், வாள் இருக்கா? வளையத்தை வெட்டுவம்," என்றேன்.

"கனடாச் சாமானில வாள் வைக்கிறதோ?" என்றார் அப்பா, நான் பசுவை வெட்டச் சொன்னதுபோல.

"டெப்பை வெட்டுவம்," என்றான் ரவி. "டெப் முந்தல் கடையில வாங்கலாம். இது வாங்கேலுமா?"

குழாயை வெட்டினால் புதியதைப் பூட்டுவதற்கு அந்தத் துருப்பிடித்த இரும்பில் மரையே மிஞ்சாது என்று விளக்கினேன். அந்த ஹோஸ், பருவம் முடிந்து கழித்துவிடும் பொருள்களோடு கடை வாசல் கூடையில் கிடந்தது என்ற உண்மையையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பிள்ளை எங்கட மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுது," என்று அம்மா அதைச் சபைக்கு மொழிபெயர்த்தார். ஒரு நாட்டில் என் சிக்கனத்தை நோய் என்று விளங்கிக்கொண்டார்கள். மற்ற நாட்டில் என் மலிவை அடக்கம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு இடத்திலும் என்மேல் அன்பாகவே இருக்கிறார்கள் என்பதுதான் தொல்லை.

பிறகு கனடாவை நோகாமல் கழற்றும் முயற்சிகள் நடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள், சொந்த மண்ணில் அது ஒழுங்காக ஓடிற்று, பயன்தான் இல்லை. சுடுதண்ணீர் ஊற்றினார்கள். அப்பா பித்தளையில் கீறல் விழாதிருக்கப் பழைய துணியைச் சுற்றி, அதன்மேல் கல்லால் தட்டினார். ரவி முழுப் பலத்தையும் போட்டுச் சறுக்கி, மணலில் உட்கார்ந்து, அப்படி உட்காரத்தான் நினைத்திருந்தவன்போலச் சற்று நேரம் அங்கேயே இருந்தான். பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாட் காலைக்காகப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்த பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

கடைசியில் பூமணி மாமிதான் பேசினார்.

"விடுங்கக்கா. பிள்ளை ஆசையா கொண்டந்தது, அதை ஏன் பழுதாக்குவான்? நாளைக்கு நாங்க கோயிலடிக்கு வாற தண்ணி பௌசர் லொறியில பிடிக்கிறம். பந்தலுக்கும் வேற யாரும் குடுப்பாங்க."

அந்தப் பேச்சில் குத்தல் இல்லை. மாமியை நான் அறிந்த காலத்தில் அவர் குத்தல் இல்லாமல் பேசியது அதுவே முதல் தடவை. அவருடைய ஏச்சுகளுக்கு அம்மாவிடம் எப்போதும் பதில் இருக்கும். இந்த மரியாதையோ எங்களை வெளிநாட்டு வீடாக்கி ஒதுக்கியது. அம்மா கையிலிருந்த பச்சைத் துவக்கை மெதுவாக மணலில் வைத்தார்.

"ரவி, வாளைக் குடு. எனக்கில்லை, அவளிட்டக் குடு. அவளே வெட்டட்டும். வேற யாரும் வெட்டினா நாளைக்குக் கதை வேற மாதிரி வரும்."

வளையத்தில் சாய்வாக வெட்டினேன். குழாயின் மரையில் வாள் படுவதற்குள் நிறுத்த வேண்டும். ஆகவே கடைசி வெட்டுகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பிளவுக்குள் திருப்புளியை வைத்து முறுக்கியதும், பித்தளை ஒரு சிறிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. அப்பா குழாயின் மூக்கைத் திரும்பப் பூட்டினார். பீப்பாய் நிரப்ப வீட்டில் வைத்திருந்த பழைய ஹோஸை அதில் செருகி, ஊர் வழக்கப்படி சைக்கிள் ரியூப்பைக் கீலமாகக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அது இனி ஹோஸ் உக்கும்வரை கழறாது. கழற்றச் சொல்லி எந்தப் பனியும் வராது. இதற்கிடையில் அம்மா, பிளந்த வளையத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடி அலுமாரியில் நான் கனடா போகுமுன் எடுத்த பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் விசையோடு வந்தது. பந்தலுக்கான பீப்பாய்கள் நிரம்பி உருண்டு போனபின் குடங்களின் முறை. எங்கள் ஒழுங்கையில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வெளியிலிருந்து வந்தவர் முதலில் பிடிக்க வேண்டும், குழாய் நிற்கும் வீட்டுக்காரர் எல்லாருக்கும் கடைசியில். நான் அம்மாவோடு வரிசையின் வாலில் நின்றேன். பூமணி மாமி திரும்பிப் பார்த்து, முன்னாலிருந்த குடங்களைக் காலால் ஒதுக்கினார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. வந்த பிள்ளை முதல்ல பிடிக்கட்டும்."

"நான் வீட்டுக்காரி, மாமி. எனக்குக் கடைசிதான்."

"ஓமோம், வீட்டுக்காரி. திரும்பிப் போற டிக்கட் எத்தினையாம் தேதி?"

எல்லாரும் சிரித்தார்கள்; அம்மாவும் சிரித்தார். நான் முன்னே போய்ப் பிடித்தேன். பிறகு, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையைச் சுற்றி நடந்து, கடைசியில் வெறுங்குடத்தோடு நின்ற அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.