விஸ்வகர்மா பூஜையன்று கேட்டில் நின்ற கார்

எங்கள் அடுக்ககத்தின் கேட்டில், வெளியே போகும் வழியை அடைத்துக்கொண்டு என் கார் நின்றுவிட்டது. வாட்ச்மேனைக் காணோம். நானே இறங்கித் திறக்கலாமென்று கியரை P-யில், அதாவது பார்க்கிங்கில் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் லீவர் வரமாட்டேன் என்கிறது. இன்ஜின் ஓடுகிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தும் கியர் P-யை விட்டு அசையவில்லை. பின்னால் நாலு கார், நாலு விதமான ஹாரன்.

என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. தீர்ப்பு சொல்ல மட்டும் தெரியும். "பழைய வண்டி. இன்னியோட தலைமுழுகிடலாம்" என்றவர், அங்கேயே நின்று புரோக்கருக்குப் போன் போட்டார். மாலையில் வந்து பார்ப்பதாகப் புரோக்கர் சொல்லிவிட்டான்.

என் இடது முழங்காலுக்குக் கிளட்ச் ஆகாது. அதனால்தான் ஐம்பதைத் தாண்டி, கிளட்ச் இல்லாத இந்த வண்டியில் ஓட்டக் கற்றேன். சால்ட் லேக்கில் மகள் வீட்டுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் யாரையும் கெஞ்சாமல் போய் வந்தேன். இது போனால் மறுபடி வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான்.

அடுக்ககத்துச் செக்ரட்டரி, இங்கே எல்லோருக்கும் 'தாதா', அதாவது அண்ணன், கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். P-யில் இழுத்தால் கியர்பாக்ஸ் பாழ் என்று நான் கத்தியதில் அவர் ஓரடி பின்வாங்கினார்.

பெஹாலாவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். விஸ்வகர்மா பூஜை, ஆயுதமெல்லாம் சாமி முன்னால் இருக்கிறது, இன்று தொடமாட்டேன் என்றார் வங்காளியில். எனக்கும் வங்காளி சரளம்தான். எங்கள் ஆயுத பூஜை அடுத்த மாதம், என் ஸ்க்ரூடிரைவருக்கு இன்று லீவில்லை, நீங்கள் வாயால் சொன்னால் போதும் என்றேன். சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

இன்ஜினை அணைத்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினேன். லீவர் பக்கத்தில் நகத்தளவு ஒரு மூடி இருந்தது. இத்தனை நாள் அதை அலங்காரம் என்றல்லவா நினைத்திருந்தேன்! அதை நெம்பி எடுத்து, உள்ளே தெரிந்த, கியர்ப் பூட்டை விடுவிக்கும் பொத்தானை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். கால் பிரேக்கில். மறுகையால் லீவரை இழுத்தேன். வெண்ணெயாக வழுக்கி N-க்கு, நியூட்ரலுக்கு வந்தது.

என்னையறியாமல் ஸ்டியரிங்கைத் தட்டினேன். இன்ஜினைக் கிளப்பி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, D-யில் போட்டு, கேட்டைத் தாண்டித் தெரு ஓரமாக நிறுத்தினேன். பிரேக் ஸ்விட்ச் போயிருக்கும், அதனால்தான் கியர் பூட்டிக்கொண்டது, பிரேக் லைட்டும் எரியாமல் இருக்கலாம், நாளை நான் வந்து பார்க்கும்வரை ரோட்டில் எடுக்காதீர்கள் என்று மெக்கானிக் எச்சரித்தார். சரி என்றேன். பின்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவேயில்லை.

கணவர் ஜன்னலருகே வந்து நின்றார். "எங்கேடி கத்துண்டே இதெல்லாம்?"

"அது கிடக்கட்டும். போனைக் குடுங்கோ."

கொடுத்தார். புரோக்கருக்கு நானே போட்டு, வண்டி விற்பதற்கில்லை, வீணாக அலைய வேண்டாம் என்றேன். யாருடைய வண்டி என்று கேட்டான்.

"என்னுது" என்றேன்.