தேத்தண்ணியோடு விழுங்கிய இரும்பு

பிள்ளைகளே, உங்கள் உம்மாவின் ஒப்பரேஷன் ஏன் அவ்வளவு காலம் தள்ளிப்போனது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "உடம்பில இரத்தம் காணாது, குறைவு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். களைப்பில் அதற்கு மேல் வாய் வரவில்லை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

உம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் இரத்தம் அளவுக்கு மீறிப் போனது. குசினியிலிருந்து அறைக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பா. கட்டியை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் இரத்தம் ஏறாமல் கத்தி வைக்க ஏலாது என்று கிளினிக்கில் சொல்லி, இரும்புச்சத்துக் குளிசையும் எலும்புக்குக் கல்சியம் குளிசையும் தந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நோன்பு வந்தது. வருத்தக்காரருக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்று நான் சொன்னேன், மௌலவியும் சொன்னார். உம்மா கேட்கவில்லை.

"விட்ட நோன்பப் பிறகு கழாச் செய்ய நான் உசிரோட இரிக்கணுமே" என்றா.

முதல் நாளே நோன்பு பிடித்தா.

பகலில் விழுங்க வேண்டிய குளிசைகளும் அப்படியே நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்துவிட்டன. இடையில் பல்லடி வீங்கி, அதற்கு வேறு அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். உம்மாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவ, வந்து பார்த்துவிட்டு, அன்ரிபயோட்டிக் சூடு, உடம்பை உருக்கிப்போடும் என்று சொல்லி, அதற்குக் காவலாக, கட்டாரிலிருந்து தன் மகன் அனுப்பிய விற்றமின் போத்தலைத் தந்துவிட்டுப் போனா. பேரீச்சம்பழம், கஞ்சி, அதன் பிறகு எல்லாக் குளிசைகளையும் ஒரே கையில் அள்ளி, சாயம் ஏறிய பால் தேத்தண்ணியோடு ஒரே விழுங்கு. மருந்து தவறாமல் போகிறது என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பெருநாள் கழித்து இரத்தம் சோதித்தார்கள். கொஞ்சமும் ஏறவில்லை. உம்மா கதிரையில் தலையைச் சாய்த்துக்கொண்டா. டொக்டரம்மா ஏசவில்லை. எதோடு குளிசை குடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். உம்மா சொன்னா.

"அம்மா, குளிசையில பிழையில்லை. தேத்தண்ணிய விடுங்க" என்றார் டொக்டரம்மா.

பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். தேயிலைச் சாயம் வயிற்றுக்குள்ளேயே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், இரத்தத்துக்குப் போக விடாதாம். பாலில் உள்ள கல்சியமும் கல்சியம் குளிசையும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே இரும்பையும் கல்சியத்தையும் வேறு வேறு நேரத்தில் குடிக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணி இரும்புக்குத் துணை, அந்த எலுமிச்சைப் புளிப்பு அதை இரத்தத்துக்கு ஏற்றிவிடும். அன்ரிபயோட்டிக் உடம்பை உருக்குவதில்லை, கிருமிக்குத்தான் அது எதிரி. அதற்கு விற்றமின் காவல் தேவையில்லை. சில அன்ரிபயோட்டிக் இரும்போடு சேர்ந்தால் தன் பலத்தையும் இழந்துவிடும், எனவே கேட்காமல் ஒன்றாக விழுங்கக் கூடாது. இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்தாவுக்குச் சொன்னபோது நம்பவில்லை.

"ஏன், டொக்டர்மார் தேத்தண்ணி குடிக்கிறல்லையா?"

உம்மா சிரிக்கப் பார்த்தா, மூச்சு வாங்கியது.

அதன் பிறகு காலையில் வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு இரும்பு, இராச் சோற்றுக்குப் பிறகு கல்சியம். தேத்தண்ணி நடுப்பகலில் மட்டும். இரும்புக் குளிசையால் வயிறு எரிந்தது, மலம் கறுத்தது, சில காலைகளில் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பா. நான் பக்கத்தில் நிற்பேன். வற்புறுத்த எனக்கும் தெம்பு இல்லை. ஆனால் கடைசியில் விழுங்கிவிடுவா.

இரத்தம் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு கிளினிக் நாளில் ஒப்பரேஷனுக்குத் திகதி தந்தார்கள். ஓட்டோவில் திரும்பி வரும்போது உம்மா சந்தோஷமும் படவில்லை, பயப்படவும் இல்லை. வீட்டு வேலைக்கு என்ன செய்வது என்று யோசித்தபடி, பயமா என்று கேட்டேன்.

"இல்ல. அங்க போனாலாவது கொஞ்சம் படுத்துக் கிடப்பன்" என்றா.