எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய முன்சக்கரம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தஞ்சோங் மாலிமிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். திரும்பி வருவது ரயிலில். வண்டியை என் தங்கை பத்மாவிடம் கொடுத்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம். பத்து காஜா ஊருக்கு அப்பால், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் அவள் குடியிருக்கிறாள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது; திங்கட்கிழமை சேர வேண்டும். தோட்டத்துக்குள் பஸ் வராது. வீட்டிலிருக்கும் ஒரே காரை அவள் கணவர் விடியற்காலையிலேயே எடுத்துப் போய்விடுவார். மோட்டார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

நெடுஞ்சாலையைத் தொடாமல் பழைய சாலையிலேயே போனேன். நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும். என் வண்டிக்கு அவசரம் பிடிக்காது, எனக்கும்தான். பீடோரில் பசியாற ரொட்டி சானாய், குடிக்கத் தே தாரேக், இரண்டும் சேர்த்து நாலு ரிங்கிட் இருபது காசு. தங்கைக்கு ஒரு பை கொய்யா வாங்கிக்கொண்டேன். கம்பார் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கோப்பெங்கில் இடப்பக்கம் திரும்பி, பதினொரு மணிக்குள் தங்கை வீட்டு வாசலில் இருந்தேன்.

மச்சான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் முதலில் ஒரு முட்டுக்கட்டை போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

“ஈப்போ போற லகாட் ரோட்ல எவ்ளோ லாரி தெரியுமா மச்சான்? கல்லு லாரி. இவ கல்யாணத்துக்கு அப்பறம் மோட்டார தொட்டதே இல்ல. ஒரு சின்ன விஷயம் நடந்தாலும் நான் விடமாட்டேன்லா.”

பத்மா கொய்யாவை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் முன்சக்கரம் தட்டையாகக் கிடந்தது. ஒரு ஆணி. நான் கார் தொழிற்சாலையில் வேலை செய்பவன், சும்மா இருப்பேனா? எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, அச்சை உருவி, சக்கரத்தைக் கழற்றினேன். மச்சானின் காரில் பத்து காஜாவுக்குக் கொண்டுபோய், திறந்திருந்த ஒரே கடையில் ட்யூபை ஒட்டிக்கொண்டு வந்தோம். பத்து ரிங்கிட்.

மாட்டுவது கழற்றுவதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. டயரில் உள்ள அம்புக்குறி வண்டி ஓடும் திசையைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் சிறிய இரும்பு வளையம், மறுபக்கம் வேகமானியின் பல்சக்கரப் பெட்டி. அதன் பள்ளம் முன்காலில் உள்ள முளையில் சரியாக உட்கார வேண்டும். பிரேக் தட்டு இரண்டு பட்டைகளுக்கு நடுவில் நுழைய வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டது. நான் கைகழுவப் போன நேரத்தில் மச்சான் சும்மா நிற்காமல் கைப்பிரேக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சக்கரம் இல்லாதபோது அதைப் பிடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். திருப்புளியால் நெம்பி அகற்றி, தட்டை உள்ளே விட்டு, அச்சை முறுக்கி முடிப்பதற்குள் மணி நாலேகால்.

நாலரைக்கு ராகு காலம். தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசாரி சூடத்தோடு காத்திருந்தார். கை மாறும் வண்டியைப் பூசை போடுமுன் ஓட்டக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் பிடிவாதம். அதனால் ஓட்டிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே போனோம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. பத்மா ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. அவள் கைப்பிரேக்கை இழுக்க, அது கைப்பிடிவரை தொளதொளவென்று போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு உயிர் போய் வந்தது. காலால் பின்பிரேக்கை மிதித்து, சூலத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள்.

“ஐயா நிப்பாட்டிட்டாரு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா” என்றார் பூசாரி.

“நான் சொன்னேன்லா” என்றார் மச்சான். “போறப்ப மோட்டார நீங்களே கொண்டு போயிருங்க மச்சான்.”

பத்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

“சாமி மேல போடாதீங்க. பிரேக் பட்டைய நெம்பி விட்டவன் நான். மறுபடி பிரேக்க அமுக்கி அமுக்கிக் கெட்டியாக்கித்தான் குடுக்கணும். ராகு காலத்த நெனச்சு மறந்துட்டேன்.”

பட்டைகள் எப்படி நெருங்கின என்பதை நான் சொல்லவில்லை. மச்சானுக்கே தெரிந்திருக்க வேண்டும், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இப்ப அமுக்குனா சரியாயிருமாண்ணே?” என்றாள் பத்மா. இறங்காமல் அவளே அமுக்கினாள். முதலில் காற்றைப் பிடிப்பதுபோல் இருந்தது. போகப் போக இறுகி, கடைசியில் கல்லாக நின்றது. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினேன். உரசாமல் சுற்றியது. அவள் பிரேக்கைப் பிடித்ததும் அந்த இடத்திலேயே நின்றது.

“வேற பழம் கெடையாதேம்மா” என்றார் பூசாரி.

“எதுக்கு வேற பழம்? இதுதான் நல்லா நசுங்கியிருக்கே” என்றாள் பத்மா.

பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராகு காலம் முடியும்வரை கோயில் பக்கத்திலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம்.

ஆறு மணிக்கு மச்சான் கார்ச் சாவியை எடுத்தார், என்னை ஸ்டேஷனில் விட. பத்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “நான் விடுறேன்” என்றாள். நான் மாட்டிய சக்கரம்தான், ஆனாலும் பின்னால் உட்கார்ந்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. அவள் நிதானமாக ஓட்டினாள். பத்து காஜா ஸ்டேஷனில் எஞ்சினை அணைக்காமலே, “போய்ச் சேந்ததும் நான் போன் பண்றேன்” என்றாள். நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவன் நான், போன் பண்ணப் போகிறவள் அவள்.

ஆறு நாற்பதுக்கு ரயில். நேற்றுக் காலையில் கைப்பிடியைப் பிடித்து வந்த ஊர்களையெல்லாம் சும்மா கையோடு கடந்தேன். ஸ்டேஷனிலிருந்து அவள் வீடு பத்து கிலோமீட்டர்தான். கம்பாரிலேயே போன் வந்திருக்க வேண்டும். தாப்பா ரோடும் போயிற்று. ரயிலில் வேகமாக வீடு திரும்புவதில் இப்படி ஒரு வேதனை இருக்கிறது, இறங்கித் திரும்பிப் போகவும் முடியாது.

சிலிம் ரிவரை நெருங்கும்போது போன் அடித்தது.

“வீட்டுக்குப் போய்ட்டியா?”

“இல்லண்ணே, ஈப்போவுல கிளினிக் முன்னாடி நிக்கிறேன். நாளைக்கு வர வழிய இன்னைக்கே பாத்துட்டா நல்லதுல்ல?”

“தனியாவா போன? மச்சான் என்ன சொல்லுவாரு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவரும் வந்திருக்காருண்ணே. ஸ்டேஷன்லேர்ந்து என் பின்னாடியே கார்ல வராரு, எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு லாரிய விடாம. நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு.”